டிம்பக்டு போக மூன்று வழி: எது தேவலை?

மாலி நாட்டின் வடக்கே, சகாரா மணல் தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர் டிம்பக்டு. தலைநகர் பமாகோவிலிருந்து அங்கே போகச் சாலை, நைஜர் ஆறு, விமானம் என மூன்று வழி. மூன்றிலும் ஆபத்து உண்டு. ஆனால் ஒன்றின் ஆபத்து மற்றதைப் போல இல்லை.

சாலை சுமார் 1000 கி.மீ. வழியில் தூவென்சா என்ற ஊரைத் தாண்டியதும் ஏறக்குறைய 200 கி.மீ. மண்ணும் மணலும்தான். புதைத்து வைத்த குண்டு, வழிப்பறி, ஆயுதக் குழுக்கள் வண்டியை மறிப்பது எல்லாமே உண்டு. இத்தனையும் தாண்டி வந்தால், ஆற்றின் தென்கரையில் வெட்டவெளியில் வண்டியை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அக்கரையில்தான் டிம்பக்டுவின் படகுத்துறையான கொரியூமே.

சாலைக்குப் பயந்தவர்கள் ஆற்றை நம்பினார்கள். தண்ணீர் ஏறும் மாதங்களில் பமாகோ அருகே உள்ள கூலிக்கொரோவிலிருந்து பெரிய கப்பல் வரும். மற்ற நாட்களில் பாய்க்கூரை போட்ட நீள மரப்படகு, பினாஸ். அரிசி மூட்டை, ஆடு, சட்டி பானையோடு நாள்கணக்கில் போகும் பயணம். 2023 செப்டம்பர் 7 அன்று கிழக்கே காவோவிலிருந்து தென்மேற்கே மோப்தி என்ற ஆற்றங்கரை ஊரை நோக்கி வந்த பயணிகள் கப்பலை ஆயுதக் குழுவினர் ராக்கெட்டால் தாக்கினார்கள். 49 பொதுமக்கள் இறந்ததாக அரசே அறிவித்தது. சாலையில் தகவல் தெரிந்தால் டிரைவர் வண்டியைத் திருப்பலாம். நடு ஆற்றில் எங்கே திரும்புவது?

அப்புறம் விமானம். அதே 2023 செப்டம்பரில் டிம்பக்டு விமான நிலையம் அருகே குண்டுகள் விழ, ஸ்கை மாலி என்ற விமான நிறுவனம் தன் சேவையை நிறுத்தியது. 2025 ஜூனில் ராணுவ முகாமோடு விமான நிலையமும் தாக்கப்பட்டது. ஆனாலும் நாள்கணக்கில் ஆபத்தில் இருப்பதற்கும் ஓரிரு மணி நேரத்தில் போய் இறங்குவதற்கும் பெரிய வித்தியாசம். தவிர்க்க முடியாத வேலை என்றால், விமானம் ஓடும் நாளில் அதையே சொல்வேன். சுற்றிப் பார்க்க என்றால் மூன்றுமே வேண்டாம். 2011 நவம்பரில் வெளிநாட்டவரைக் கடத்தியது ஊருக்குள்ளேயே. எதிர்த்த ஜெர்மானியர் அங்கேயே கொல்லப்பட்டார்.

சரி, ஊர்க்காரர்களுக்கு? விமானக் கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. விமானத்தில் அரிசியும் வராது. 2023 ஆகஸ்டில் ஆயுதக் குழு ஊரை முற்றுகையிட்டபோது கடைகளில் சரக்கு குறைந்து விலை ஏறியது. ஒரே ஒரு வழிக்குத்தான் காவல் போட முடியும் என்றால் ஆற்றுக்குப் போடுங்கள் என்பேன். வடக்கே தாவுதெனிச் சுரங்கத்தில் பாளம் பாளமாக வெட்டி, பாலைவனம் கடந்து கொண்டுவரும் உப்பும் கொரியூமேயில் படகேறி மோப்தி சந்தைக்குப் போவது அந்த ஆற்றில்தான்.