படிக்கட்டா, கதவா, தாழ்தளமா?

நகரப் பேருந்தின் வாயிலை மூன்று விதமாக அமைக்கலாம்: திறந்த படிக்கட்டு, தானியங்கிக் கதவு பொருத்திய படிக்கட்டு, படியே இல்லாத தாழ்தளம்.

திறந்த படிக்கட்டின் ஒரே பலம் வேகம். நிறுத்தத்தில் கூட்டம் விரைவாக ஏறி இறங்கும். சிக்னலில் நின்றாலும் இறங்கிக்கொள்ளலாம். லண்டனின் ரூட்மாஸ்டர் பேருந்து, பின்புறத் திறந்த மேடையால் இதே காரணத்துக்காக விரும்பப்பட்டது. ஆனாலும் 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து விலக்கப்பட்டது. இங்கோ கூட்ட நேரத்தில் படியே நிற்கும் இடமாகிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, படியில் தொங்குபவரை மட்டுமன்றி, அவரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் அடுத்த பேருந்து எப்போது வரும் என்று தெரியாத மாணவனுக்குச் சட்டப்பிரிவு எம்மாத்திரம்?

கதவு பொருத்தினால் தொங்குவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் நெரிசல் மிகுந்து கதவை மூட முடியாதபோது, திறந்தபடியே வண்டியை எடுத்தால் பொருத்தியும் பயனில்லை. இன்னொரு குறையைக் கதவால் தொடவே முடியாது. ஏறத்தாழ 900 மி.மீ. உயரத்தில் தளம் இருக்கும் பேருந்தில், முழங்கால் வலி உள்ள மூதாட்டி கம்பியைப் பிடித்துத் தம்மை மேலே இழுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரைப் பிறர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்ப்பது 400 மி.மீ. உயரத் தாழ்தளம் மட்டுமே. 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளில், நிறுத்தத்தில் காற்று சஸ்பென்ஷனின் (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளின்) அழுத்தத்தைக் குறைத்து வாயில் பக்கத்தை மேலும் தாழ்த்தும் வசதியும், சாய்தளப் பலகையும் உண்டு. ஆனால் விலை அதிகம் என்பதோடு, தாழ்ந்த தளத்தில் சக்கரங்களுக்கு மேலே எழும் மேடுகள் உட்புற இடத்தை அடைத்துக்கொள்கின்றன. உயரமான வேகத்தடைகளும் மழைநீர் தேங்கும் சாலைகளும் இதற்கு ஒத்துவராது. ஓட்டுநர் நடைமேடையை ஒட்டி நிறுத்தாமல் நடுச்சாலையில் நிறுத்தினால், சாய்தளம் செங்குத்தாகிப் பாதிப் பயன் போய்விடும்.

ஆகவே சாலை சீராக உள்ள தடங்களுக்குத் தாழ்தளமே முதல் தேர்வு. மற்ற தடங்களில், மூடினால்தான் வண்டி நகரும் வகையில் கதவை இணைத்த, 650 மி.மீ. தளமுள்ள பேருந்து போதும். திறந்த படிக்கட்டை எந்தத் தடத்துக்கும் பரிந்துரைக்க முடியாது.