மங்கிப்போன ஹெட்லைட்: பற்பசையா, சாண்ட் பேப்பரா, புது லாம்பா?

கண்டியிலிருந்து நுவரெலியா ஏறும்போது றம்பொடை தாண்டி மூடுபனி இறங்கிவிட்டால் ரோட்டின் வெள்ளைக்கோடு ஒன்றுதான் துணை. முந்தின வருஷ டிசம்பரில் ஒரு ராத்திரி எனக்கு அந்தக் கோடும் தெரியவில்லை. பல்ப் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். என் 2013 ஆல்டோவின் ஹெட்லைட் இரண்டும் தேயிலைச் சாயம் ஏறிய கோப்பை மாதிரி மஞ்சளித்துப் போயிருந்தன. உள்ளே எரிகிற வெளிச்சம் வெளியே வராமல் அங்கேயே சிதறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பற்பசை, சாண்ட் பேப்பரால் தேய்த்து லெக்கர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிப்பது, லாம்பையே மாற்றுவது என்று மூன்று வழியையும் அலசினேன். பெப்ரவரியில் நானே தேய்த்து லெக்கர் அடித்தேன். இப்போது பதினாலு மாதம் ஆகிறது. அந்தப் பக்கம்தான் என் சாய்வு.

நாம் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது பொலிகார்பனேட் பிளாஸ்டிக். அந்தக் காலத்து மொரிஸ் மைனருக்கு இருந்தது நிஜக் கண்ணாடி. அது மஞ்சளாகவே ஆகாது. பொலிகார்பனேட்டை வெயிலின் புற ஊதாக் கதிர் அரித்துவிடும் என்பதால் பெக்டரியிலேயே மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு தேய்ந்து உரிந்த இடத்தில்தான் மஞ்சள் ஏறுகிறது. மலைநாட்டுக் குளிரில் வெயில் எங்கே சுடுகிறது என்று நினைப்போம். ஆனால் 1000 மீட்டர் ஏற ஏற புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1868 மீட்டரில் இருக்கிறது. என் கார் வீட்டு முற்றத்தில் கிழக்கே மூக்கை நீட்டி நிற்கும். இடது லாம்ப் கூரை நிழலுக்குள், வலது லாம்ப் காலை வெயிலில். வலதுதான் ரொம்ப மோசம்.

பற்பசையைச் சீக்கிரமே சொல்லி முடித்துவிடலாம். அதில் இருக்கும் மெல்லிய தூள் மேல்தோலை லேசாக உரசி எடுக்கும், பளபளப்பு வரும். எனக்கு வந்தது. ஆறாவது வாரம் மஞ்சள் திரும்பி வந்துவிட்டது. கடையில் விற்கும் பொலிஷ் கொம்பவுண்டும் இதே கதைதான், வேலை கொஞ்சம் சுத்தம், அவ்வளவுதான். எண்ணெய், டபிள்யூடி-40 தடவுவது முதல் மழையோடு போய்விடும். நுளம்பு ஸ்ப்ரே அடித்தால் கண்ணாடி மாதிரி ஆகும் என்று சொல்லும் வீடியோக்களை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். உடம்பில் அடிக்கும் அந்த மருந்தில் இருக்கும் டீட் என்ற இரசாயனம் பிளாஸ்டிக்கையே இளக்குகிறது. இளகின பரப்பு நாலு நாள் மினுங்கும், அப்புறம் முன்னைவிட மோசமாகும்.

புது ஒரிஜினல் லாம்ப் போட முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை, இதில் எனக்கு வாதம் கிடையாது. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டுநர் அமைப்பு 2018இல் செய்த சோதனையில், மங்கிய லாம்ப் புதுசு தரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தந்தது. தேய்த்துச் சீர்செய்ததும் அது சுமார் 70 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் இங்கே நம்மில் பெரும்பாலானோர் வாங்குவது புதுசு இல்லை, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் ரீகண்டிஷன் லாம்ப். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் எல்லாரும் பழைய வண்டியையே ஒட்டவைத்து ஓடினோம். என் மச்சான் அப்படி ஒரு சோடி வாங்கினார். கடையில் பார்க்கும்போது பளிச்சென்று இருந்தது. ஏழு மாதத்தில் மஞ்சள். யாரோ பழைய லாம்பைப் பொலிஷ் மட்டும் போட்டு விற்றிருக்கிறார்கள். மேல் பூச்சு இல்லை.

தேய்ப்பது, பொலிஷ் போடுவது, மாற்றுவது எல்லாவற்றுக்கும் பிறகு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிளாஸ்டிக்குக்கு மேலே இப்போது என்ன பூச்சு இருக்கிறது? பெக்டரிப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு அதற்குப் பதில் ஒன்று போடாமல் விட்டால், நாம் செய்தது வெயிலுக்குக் கதவைத் திறந்துவிட்ட வேலை. அதனால்தான் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் லெக்கர் வரைக்கும் போகச் சொல்கிறேன்.

முதலில் லாம்பில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் தெளிந்தால் கோளாறு வெளிப்பக்கம்தான், சரியாகும். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் உள்ளே ஈரமோ வெடிப்போ இருக்கலாம், தேய்த்துப் பயன் இல்லை. லாம்பைச் சுற்றியுள்ள பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு வரிசை ஒட்டிவிட்டு, 800 நம்பர் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். பம்பரில் வழிந்த தண்ணீர் மஞ்சளாக, பால்கஞ்சி மாதிரி இருந்தது. அது வெள்ளையாக மாறும் வரை விடக்கூடாது. பழைய பூச்சு ஒரு திட்டு மிஞ்சினாலும் லெக்கருக்கு அடியில் தெரியும். அந்த நேரம் லாம்ப் முழுக்க வெளுத்து உறைபனி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எட்டிப் பார்த்த மனைவி, "என்னங்க, இருந்ததையும் கெடுத்துட்டீங்களே" என்று தலையில் கை வைத்துவிட்டார். பயப்பட வேண்டாம். 1000, 1500, 2000 என்று இன்னும் மென்மையான பேப்பருக்கு ஏறுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தின கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். லெக்கர் அடிப்பதாக இருந்தால் இதற்கு மேல் பொலிஷ் வேண்டாம். 2000 விட்டுவைக்கும் கீறலை லெக்கரே நிரப்பிவிடும், பொலிஷின் எண்ணெய்ப் பசை இருந்தால் அது ஒட்டாது.

துடைக்க ஐசோப்ரொபைல் அல்கஹோல். தின்னர் பக்கம் போகவே கூடாது, பொலிகார்பனேட் வெடித்துவிடும்.

இனி நம் ஊர்ச் சிக்கல். காற்றில் ஈரம் இருந்தால் லெக்கர் காயும்போது பால் மாதிரி வெளுக்கும். முதல் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு அவசரப்பட்டு அடித்தேன், பனி மேலே வந்துவிட்டது, லாம்ப் வெளுத்துவிட்டது. மறுநாள் அதையும் தேய்த்து எடுத்துவிட்டு, வெயில் ஏறி முற்றம் காய்ந்த பிறகு பத்தரைக்கு அடித்தேன். டப்பாவை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருந்தேன் (கொதிநீர் ஆபத்து). பத்து நிமிஷ இடைவெளியில் மெல்லிசாக மூன்று தடவை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் இதற்கு ஏற்ற காலம். பதுளை, பண்டாரவளைக்காரர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செய்யலாம்.

நான் அடித்தது ஒற்றை டப்பா லெக்கர். ஹார்ட்னர் கலக்கும் டூ-கே லெக்கர் இன்னும் கடினமான பூச்சு, கூடுதல் காலம் தாங்கும். ஆனால் அதில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அதற்கான மூச்சுக்கவசம் என்னிடம் இல்லாததால் தொடவில்லை. ஆகவே அதைப் பற்றிச் சொந்த அனுபவத்தில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு முழுத் தென்மேல் பருவமழையைப் பார்த்தாகிவிட்டது. இடது லாம்ப் அடித்த நாள் மாதிரியே இருக்கிறது. வலது லாம்பின் மேல் விளிம்பில், பொனட்டை ஒட்டி, நகக்கண் அளவில் ஓர் இடம் லேசாக மங்கத் தொடங்கியிருக்கிறது. வரும் ஜனவரியில் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் தேய்த்து அடிப்பேன். மிச்ச லெக்கரோடு டப்பா அலுமாரியில் இருக்கிறது.