மஞ்சக்குப்பம் டைப்பிங் கடையில் லினக்ஸ் மின்ட்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், மனு என்று நாள் முழுக்கத் தமிழில் அடிப்பதுதான் பிழைப்பு. 2020 பிப்ரவரியில் கடைக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 7-இலிருந்து லினக்ஸ் மின்டுக்கு மாற்றினேன். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள் அது, லினக்ஸ் வகைகளில் ஒன்று. ஐந்து வருடம் தாண்டிவிட்டது. இனி யார் சொன்னாலும் திரும்பிப் போக மாட்டேன்.

மாற்றியதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வருடம் ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. என்னுடையது நான்காம் தலைமுறை ஐ3, ராம் 4 ஜிபி. புது மெஷினுக்குக் கையில் காசில்லை. பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் படித்தவன். அதில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை நோண்டி நோண்டியே லினக்ஸ் பழகியிருக்கிறான். "அக்கா, பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்க. ஹார்ட் டிஸ்கைத் தொடாது. பிடிக்கலைன்னா உருவிடுங்க" என்றான்.

நான் கேட்ட முதல் கேள்வி, "தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டு வருமாப்பா?" என்பதுதான். திருப்பாதிரிப்புலியூரில் டைப் கற்று ஹையர் முடித்த கை இது. 'கெ' என்று அடிக்க வேண்டுமானால் கொம்பை முதலில் தட்டி, ககரத்தைப் பின்னால் தட்டித்தான் பழக்கம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடிலோ ககரம் முன்னால், கொம்பு பின்னால். தமிழில் அடிப்பதற்காகத் தம்பி ஐபஸ், எம்17என் என்று இரண்டு மென்பொருள் போட்டான். கீபோர்டுப் பட்டியலைத் திறந்தால் தமிழ்99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட், அவற்றோடு டைப்ரைட்டரும் இருந்தது! கொம்பைத் தட்டினேன், ககரத்தைத் தட்டினேன். 'கெ' அழகாக வந்து உட்கார்ந்தது. அன்று சாயந்திரமே ஹார்ட் டிஸ்கில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

என் மகள் தமிழ்99-இல் அடிக்கிறாள். அதில் 'அம்மா' என்பது அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. புள்ளி தானாக விழும். ஒரே மெஷினில் இரண்டு பேரும் அவரவர் வழியில் அடிக்கிறோம். மாறிக்கொள்ள ஒரு கீ போதும்.

முதல் இரண்டு வாரம் பாடாய்ப் படுத்தியது பிரிண்டர்தான். கடையில் இருந்த பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் ஒழுங்காக அமையவில்லை. சாதாரணத் தாளில் மூன்று பக்கம் நன்றாக வரும், நான்காவது பாதியில் நின்றுவிடும். பத்திரத் தாளில் இப்படி நின்றால் அந்தத் தாள் வீண், காசு நம் கையிலிருந்து போகும். தம்பி ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து பார்த்தான். கடைசியில் அதை விற்றுவிட்டு, லினக்ஸில் ஓடும் என்று உறுதியான மாடலாகப் பார்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதன் பிறகு பிரிண்டரால் ஒரு தாள்கூட வீணாகவில்லை.

அப்புறம் பழைய ஃபைல்கள். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்தவை நூற்றுக்கணக்கில் இருந்தன. அந்த எழுத்துருக்களில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே தெரிவதுதான் தமிழ். எழுத்துரு ஃபைலை எடுத்துப் போட்டால் வேர்டுக்குப் பதில் இங்கே நான் பயன்படுத்தும் லிப்ரே ஆபீஸில் படிக்க முடிகிறது, ஆனால் தமிழில் அடித்துத் தேட முடியாது. பைத்தான் நிரல்மொழிக்கான ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பில் யூனிகோடுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. தம்பி அதை வைத்து மொத்தமாக மாற்றிக் கொடுத்தான். அங்கங்கே எழுத்து பிசகியிருந்ததை நான் உட்கார்ந்து திருத்தினேன். இப்போது ஒருவர் வந்து, "பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு ஒண்ணு, நீங்கதான்மா அடிச்சீங்க" என்றால், ஊர்ப் பெயரைத் தேடி அரை நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன்.

லிப்ரே ஆபீஸில் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்டோடெக்ஸ்ட்டில் வாசகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். 'சொவி' என்று அடித்து எஃப்3-ஐத் தட்டினால் சொத்து விவரம், நான்கு எல்லை, அளவு எல்லாம் கட்டத்தோடு விரியும். நான் நிரப்ப வேண்டியது பெயரும் சர்வே எண்ணும்தான். வேர்டில் செய்த ஃபைல் வந்தால் சில சமயம் அட்டவணை கலைகிறது, அதை மறைக்கவில்லை.

வேகம் கூடியது என்று பலரும் சொல்வார்கள். என் மெஷினில் பாதி வேகம் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் பிறகு போட்ட எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கால் வந்தது. லினக்ஸால் வந்தது அமைதி. அப்டேட் இருக்கிறது என்று மூலையில் ஒரு சின்னப் புள்ளி காட்டும். கடை மூடும்போது நான் அழுத்தினால்தான் அது வேலையைத் தொடங்கும்.

வாடிக்கையாளர்கள் கொண்டுவருகிற பென்டிரைவ்களைப் பற்றி இருந்த பயமும் போயிற்று. எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாகி நிற்கும் வைரஸைக் கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த வைரஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, இங்கே ஓடாது. மறைக்கப்பட்ட ஃபோல்டரும் பளிச்சென்று தெரியும். ஒரு கல்லூரிப் பெண்ணின் புராஜெக்ட்டை அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டே வந்தவள் சிரித்துக்கொண்டு போனாள்.

மின்டின் பதிப்புகளுக்கெல்லாம் பெண் பெயர்தான். 2021-இல் வந்த 20.2-க்குப் பெயர் உமா. நம் வீட்டுப் பெயர் மாதிரி இருப்பதில் எனக்குத் தனிப் பிரியம். 2024 நவம்பரில், ஃபெஞ்சல் புயலுக்கு முந்தின வாரம் 22-ஆம் பதிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் தாங்கவில்லை. திரும்பப் போட்டால் கருப்புத் திரை. நல்லவேளை, ஏற்றும் முன் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில் சிஸ்டத்தை அப்படியே ஒரு நகல் எடுக்கச் சொல்லி மின்டே கேட்டிருந்தது. பென்டிரைவில் பூட் செய்து அந்த நகலைத் திருப்பினேன். ஒரு மணி நேரத்தில் பழையபடி வேலை செய்தது. இதைத் தம்பியைக் கூப்பிடாமல் நானே செய்தேன் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறை இல்லாமலில்லை. டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் (கையெழுத்தை வைத்திருக்கும் யுஎஸ்பி கருவி) வேலை வந்தால் இன்றும் விண்டோஸ் இருக்கும் பக்கத்துக் கடைக்குத்தான் அனுப்புகிறேன்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. அந்தப் பக்கத்துக் கடை அண்ணன் மெஷினில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, அதனால் அது ஏறாது. போன வாரம் வந்து, "உன்னுதுல இருக்கிறதை எனக்கும் போட்டுத் தாம்மா" என்றார். பென்டிரைவைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன்னால், "அண்ணே, உங்க பிரிண்டர் என்ன மாடல்?" என்று கேட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.