வெனிஸா, ஜெனோவாவா? மூன்று நாள் லீவுக்கு இரண்டு பழைய துறைமுகங்கள்

மிலான் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே போனால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் வெனிஸ். தெற்கே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஜெனோவா. இத்தாலிக்குப் போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் யோசிக்காமல் கிழக்கு ரயிலில் ஏறிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான். அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது ஜெனோவாவைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டு ஊருக்கும் இடையில் இருந்தது பங்காளிச் சண்டை மாதிரி. கிழக்கிலிருந்து வரும் மிளகும் பட்டும் யார் கப்பலில் ஏறுவது என்று நூறு வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் ஜெனோவாக்காரர்களிடம் கைதியாகச் சிக்கிய வெனிஸ்காரர்தான் மார்க்கோ போலோ. 1298 வாக்கில் அவர் சிறையில் தன் பயணக் கதையைச் சொல்ல, கூட இருந்த பீசா நகரத்து ருஸ்திகெல்லோ எழுதினார். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதெல்லாம் அப்படித்தான் ஏட்டில் ஏறியது. அவரை அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் சான் ஜோர்ஜோ மாளிகை ஜெனோவாவின் பழைய துறைமுகத்துக்கு எதிரிலேயே, சுவரெல்லாம் ஓவியத்தோடு நிற்கிறது. தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலைப் பற்றிய வரிகள் எழுதப்பட்ட ஊர் இது என்று நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அம்மாவுக்கு அதைவிடப் பக்கத்திலிருந்த பெஞ்சுதான் முக்கியமாகப் பட்டது.

அழகு என்று கேட்டால் வெனிஸை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அது தன்னிடம் இருப்பதையெல்லாம் வாசலிலேயே வைத்துவிடும் ஊர். 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) கொள்ளையடித்துக் கொண்டுவந்த வெண்கலக் குதிரைகளைக்கூட சான் மார்கோ கோயில் முகப்பின் மேலேயே ஏற்றி வைத்தார்கள். இப்போது வெளியே நிற்பவை நகல்கள், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில். ஜெனோவா நேர்மாறு. அங்கே பணக்காரர்கள் செல்வத்தைச் சந்துக்குள் ஒளித்து வைத்தார்கள். அரசு விருந்தாளிகளைத் தங்கவைக்கத் தனி மாளிகை கட்டவில்லை. யார் வீடு தகுதியானது என்று பட்டியல் போட்டு, குலுக்கல் முறையில் விருந்தாளியை ஒப்படைத்தார்கள். அந்தப் பட்டியலுக்குப் பெயர் ரோல்லி. அப்படிப்பட்ட 42 மாளிகைகள் 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் பல நிற்கும் கரிபால்டி தெருவில் மட்டும் ஒரு காலைப்பொழுது போய்விடும். தெரு அகலம் குறைவு, கழுத்து வலிக்கும்.

கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சான் லோரென்ஸோ கதீட்ரலையும் விடக்கூடாது. 1941 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பல் சுட்ட குண்டு ஒன்று உள்ளே விழுந்து வெடிக்காமல் போனது. அதை அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

செலவுக்கு வருவோம். வெனிஸில் படகு பஸ்ஸுக்கு ஒரு தடவை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். கொண்டோலா என்னும் துடுப்புப் படகுச் சவாரி பகலில் அரை மணிக்கு 90 யூரோ. ஆளுக்கு அல்ல, படகுக்கு; ஐந்து பேர் சேர்ந்தால் பரவாயில்லை. இது போதாதென்று 2024-லிருந்து கூட்டம் அதிகமுள்ள குறிப்பிட்ட நாட்களில், பகலுக்கு மட்டும் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். ஜெனோவாவில் இந்தத் தொல்லை கிடையாது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வெனிஸில் நானூறுக்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. சக்கரப் பெட்டியை ஒவ்வொரு பாலத்திலும் தூக்கித்தான் ஆகவேண்டும். ஜெனோவா மலையில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர், அங்கேயும் ஏற்றம்தான். ஆனால் ஊருக்குள்ளேயே பொது லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். கஸ்தெல்லெத்தோ லிஃப்டில் ஏறினால் ஸ்லேட் கூரைகளும் துறைமுகமும், தூரத்தில் 1543-ல் கட்டிய லன்தேர்னா கலங்கரை விளக்கமும் ஒரே பார்வையில் தெரியும். அம்மா இரண்டு தடவை ஏறினார்.

சாப்பாட்டில் ஜெனோவா சுலபமாக ஜெயிக்கிறது, குறிப்பாகச் சைவர்களுக்கு. வெனிஸ் சிற்றுண்டிக் கடைகளில் மீன்தான் ராஜா. ஜெனோவாவில் ஃபரினாத்தா என்று ஒன்று: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டு, வெட்டித் தருவார்கள். “மிளகாய்ப்பொடிதான் இல்ல” என்றார் அம்மா. ஃபொக்காச்சியா என்னும் தட்டை ரொட்டிக்குப் பேர்போன ஊரும், பெஸ்தோ என்னும் துளசி வகைச் சட்னி பிறந்த ஊரும் அதுதான்.

அப்படியானால் வெனிஸ் வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அது ராத்திரிக்கான ஊர். பகல் கூட்டம் ரயிலேறிப் போன பிறகு சந்துகளில் உங்கள் செருப்புச் சத்தமும் தண்ணீர் சத்தமும் மட்டும்தான். மலிவு என்று கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், கரையிலுள்ள மெஸ்த்ரேயில் அறை எடுத்தால் அதை இழப்பீர்கள். நான் இழந்தேன். இரண்டு ராத்திரியாவது தீவுக்குள்ளேயே படுக்க முடியுமென்றால் வெனிஸ். முடியாதென்றால், அல்லது பெரியவர்கள் கூட வந்தால், ஜெனோவா. மூன்று நாளில் இரண்டையும் அடக்கப் பார்க்காதீர்கள், கிட்டத்தட்ட அரை நாள் ரயிலிலேயே போய்விடும்.

ஜெனோவா போகிறவர்கள் துறைமுகத்தை ஒட்டிய ப்ரே தெருப் பக்கச் சந்துகளில் இருட்டிய பிறகு தனியாகச் சுற்ற வேண்டாம். பகலில் தாராளமாகப் போகலாம்.