சிவப்பு டப்பாவும் நீல டப்பாவும்: வருஷக்கணக்கில் இரண்டையும் ஓட்டியவன் சொல்வது

போன வாரம் கடை திறந்து ஊதுவத்திகூட ஏற்றவில்லை, ஓசூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். முன்பு என்னிடம் வாடகைக்கு டிவிடி எடுத்துக்கொண்டிருந்தவரின் மகன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் குவியலில் ஒரு டோஷிபா ஹெச்டி டிவிடி பிளேயர் கிடக்கிறதாம். கூடவே சிவப்பு டப்பாவில் பன்னிரண்டு இங்கிலீஷ் படம். மொத்தமாக 1,800 ரூபாய் கேட்கிறானாம். "வாங்கலாமாணா?"

"பொறு" என்றேன். ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்டான். போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். வேறு யாருக்காவது அந்த ஆசை வந்தால் அவர்களுக்கும் உதவும். சிவப்பு டப்பா என்றால் ஹெச்டி டிவிடி, நீல டப்பா என்றால் ப்ளூ-ரே: டிவிடிக்கு அடுத்து, அதைவிடத் தெளிவான படத்துக்காக ஒன்றுக்கொன்று போட்டியாக வந்த இரண்டு வகை டிஸ்க்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 1994-லிருந்து கேசட் கடை வைத்திருந்தவன் நான். டெக்கின் ஹெட்டைப் புது ரூபாய் நோட்டால் துடைத்த காலம், இடைவேளை வந்ததும் இரண்டாவது விசிடியைப் போடச் சொல்லிக்கொடுத்த காலம், இருபது ரூபாய்க்கு டிவிடியை ஒரு ராத்திரி வாடகைக்கு விட்ட காலம், எல்லாம் அந்த ஒரே ஷட்டருக்குள் போயிற்று. இப்போது அங்கே சிசிடிவி கேமராவும் ரிமோட்டும் விற்கிறேன். ஹெச்டி டிவிடி, ப்ளூ-ரே இரண்டு பிளேயரும் வீட்டு ஷோகேஸில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டும் இன்னும் ஓடுகின்றன.

சிவப்பு முதலில் வந்தது. 2007 நவம்பரில் அமெரிக்காவில் டோஷிபாவின் ஹெச்டி-ஏ2 மாடலை ஒருநாள் தள்ளுபடியில் நூறு டாலருக்கும் கீழே கொடுத்தார்கள். அங்கே இருந்த என் மச்சினன் ஒன்றை அமுக்கிவிட்டான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது புடவைகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்து, "மாமா, இனிமே இதுதான்" என்று கையில் கொடுத்தான். அது 2008 பொங்கல். அந்த ஜனவரி 4-ஆம் தேதியே வார்னர் கம்பெனி, இனி எங்கள் படம் ப்ளூ-ரேயில் மட்டும்தான் என்று சொல்லியாகிவிட்டது. மச்சினனுக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. பிப்ரவரி 19-ஆம் தேதி டோஷிபா தன் ஹெச்டி டிவிடிக் கடையைச் சாத்தியது. பொங்கலன்று பெட்டி பிரித்ததிலிருந்து எண்ணினால் 35 நாள். எங்கள் வீட்டில் அரிசி மூட்டை அதைவிட அதிக நாள் வரும்.

அமெரிக்கச் சாமான் 120 வோல்ட்டில் ஓடுவது. நம் வீட்டில் 230. எஸ்.பி. ரோட்டில் 650 ரூபாய்க்கு ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன், செங்கல் கனம். தீபாவளிக்கு வெள்ளையடித்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பி மாட்டும்போது அவசரத்தில் நானே பிளேயரை நேராகச் சுவரில் சொருகிவிட்டேன். "டப்" என்று ஒரு சத்தம், பொட்டுக்கடலை கருகிய மாதிரி ஒரு வாசனை. பிரித்துப் பார்த்தால் பியூசும் அதை ஒட்டியிருந்த வேரிஸ்டரும் மட்டும்தான் செத்திருந்தன. நாற்பது ரூபாயில் பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த பிளக்கில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன், வீட்டில் யாரும் தொடுவதில்லை.

இனி படத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது, "எதுல பிரிண்ட் நல்லா இருக்கும்?" என்பதுதான். சொன்னால் நம்பமாட்டார்கள்: இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் அதே 1920-க்கு 1080 புள்ளிகள், அதே 405 நானோமீட்டர் நீல லேசர். இரண்டு பக்கமும் படம் வெளியிட்டுக்கொண்டிருந்தபோது வார்னர், படத்தைச் சுருக்கி வைத்த ஒரே என்கோடிங்கைத்தான் பெரும்பாலும் இரண்டு டிஸ்கிலும் போட்டது. ஒரே படம் என்னிடம் இரண்டு ஃபார்மட்டிலும் இருக்கிறது. ஒரு மழைக் காட்சியில் கதாநாயகனின் கோட்டுக் காலரில் நிற்கும் துளிகளை நிறுத்தி வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒன்பது, இங்கே ஒன்பது. 32 அங்குல டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அது சாதா டிவிடியா ஹெச்டியா என்பதே என் மனைவிக்குத் தெரியவில்லை. 2012-ல் 42 அங்குலம் வாங்கிய பிறகுதான், "அட, அந்தம்மா மூக்குத்தில கல்லு ரெண்டு இருக்கு" என்றாள்.

வித்தியாசம் டிஸ்கில்தான். டிவிடியைப் படிக்கும் சிவப்பு லேசர் 650 நானோமீட்டர், அது பட்டை நிப்பு பேனா மாதிரி. நீலம் ஊசி நிப்பு. அதனால் கோடுகளை நெருக்கி எழுதலாம். டிவிடியில் கோட்டுக்குக் கோடு இடைவெளி 0.74 மைக்ரான், ஹெச்டி டிவிடியில் 0.40, ப்ளூ-ரேயில் 0.32. ஆகவே ஒரு அடுக்கில் ஹெச்டி டிவிடி 15 ஜிபி பிடிக்கும், ப்ளூ-ரே 25 பிடிக்கும். இரண்டு அடுக்கென்றால் 30-ம் 50-ம். காகிதத்தில் நீலம் ஜெயித்துவிட்டது போலத் தெரியும். ஆனால் இரண்டரை மணி நேரப் படத்துக்கு 30 ஜிபியே தாராளம்.

நான் பார்த்தது வேறு. வாடகைக் கடைக்காரன் டிஸ்கைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பான். திரும்பி வந்த டிஸ்கில் நான் பார்க்காதது இல்லை: எண்ணெய் விரல், தேங்காய் சட்னி, குழந்தை கடித்த பல் தடம், தலையணைக்கு அடியில் கிடந்து விழுந்த வட்டக் கீறல். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு உள்ளே பத்திரமாக இருக்கும். ஹெச்டி டிவிடியிலும் அதே 0.6. அதனால்தான் பழைய டிவிடி தொழிற்சாலை மெஷினையே கொஞ்சம் மாற்றி அதைச் செய்ய முடிந்தது, செலவும் குறைந்தது. ப்ளூ-ரேயில் அடுக்கு 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, தோலுக்கு அடியில் நரம்பு தெரிவது போல. ஆரம்பத்தில் அதை ஓர் உறைக்குள்ளேயே வைத்து விற்றார்கள். டிடிகே கம்பெனியின் கெட்டிப் பூச்சு வந்த பிறகுதான் உறையைக் கழற்றினார்கள்.

கெட்டிப் பூச்சு என்றால் எவ்வளவு கெட்டி? வீணாய்ப்போன ப்ளூ-ரே ஒன்றை எடுத்து வேட்டி முனையால் தேய்த்தேன், பிறகு ஜீன்ஸ் துணி, பிறகு பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். நார் வைத்த பிறகும் வெளிச்சத்தில் சாய்த்தால்தான் லேசாக ஒரு மயிரிழை தெரிந்தது. அதே நாரை டிவிடியில் வைத்தால் ஓர் இழுப்பில் வெள்ளைக் கோடு. இந்த ஒன்றில் நீலத்துக்கு நூற்றுக்கு நூறு மார்க். என் கடையில் பத்து வருஷம் முன்னாலேயே இந்தப் பூச்சு வந்திருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்.

ஆனால் மண்டலச் சண்டை இருக்கிறதே, அதில் நீலம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. ப்ளூ-ரேயில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். சிங்கப்பூர் சித்தப்பா வாங்கி வந்தால் ஏ. துபாயில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி கொண்டு வந்தால் பி. நம் ஊர் சி. ஏர்போர்ட்டில் இறங்கும்போதே மூன்று பேரும் மூன்று சாதி. மண்டலப் பூட்டு போட்ட டிஸ்க் நம் பிளேயரில் ஏறாது. ஹெச்டி டிவிடியில் இந்தப் பூட்டே கிடையாது, எந்த ஊர் டிஸ்கும் எந்த ஊர் பெட்டியிலும் ஓடும். எல்லா வீட்டிலும் ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்குத் தோற்றுப்போன பெட்டிதான் அனுசரணையாக இருந்தது.

இன்னொன்று. ஹெச்டி டிவிடி பிளேயர் என்றால் நெட் கேபிள் சொருகும் இடம் முதல் நாளிலிருந்தே கட்டாயம். ப்ளூ-ரேக்காரர்கள் அரைகுறையாக இறக்கிவிட்டு, அப்புறம் 1.1, 2.0 என்று வகை பிரித்து ஒவ்வொரு வசதியாகப் படிப்படியாகச் சேர்த்தார்கள். முதலில் வாங்கியவன் பாடு திண்டாட்டம்.

என் ப்ளூ-ரே பிளேயர் 2010-ல் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். புது டிஸ்கில் நகல் எடுக்காமல் தடுக்கும் பூட்டின் சாவி மாறிக்கொண்டே இருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி பிளேயருக்கு மென்பொருள் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் இறக்கி, சொருகி, அது முடியும்வரை கரண்ட் போகக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டும். நான்காவது வருஷத்தில் கம்பெனி புது மென்பொருள் விடுவதையே நிறுத்திவிட்டது. கஸ்டமர் கேரில் பேசிய பெண், "சார், புது மாடல் வாங்கிக்கலாமே" என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலத்தை எழுத முடியாது. இந்தப் பெட்டிகள் உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர். டோஷிபாவின் முதல் மாடல்களில் ஒன்றான ஹெச்டி-ஏ1-க்குள் நிஜமாகவே பென்டியம் 4 சில்லும் லினக்ஸும் இருந்தன. டிவிடி பிளேயர் மாதிரி தட்டியதும் விழிக்காது, எழுந்து சோம்பல் முறித்து முகம் கழுவித்தான் வரும். 2012-ல் எங்கள் பக்கம் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். டிஸ்க் ஏறி, எச்சரிக்கைப் பலகை எல்லாம் ஓடி, மெனு வந்து, படம் சூடு பிடிக்கும்போது ஃபேன் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு துப்பறியும் படத்தின் முதல் இருபது நிமிஷத்தை நாங்கள் ஏழு தடவை பார்த்திருக்கிறோம். கொலைகாரன் யார் என்று இன்றுவரை என் மகளுக்குத் தெரியாது.

சிவப்பு ஏன் தோற்றது என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். சோனி தன் பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே ப்ளூ-ரேயை வைத்து விற்றது, அது பெரிய அடி. விளையாட்டுக்கு வாங்கியவன் வீட்டில் தானாகவே ஒரு ப்ளூ-ரே பிளேயர் உட்கார்ந்துகொண்டது. பாரமவுண்ட் படக் கம்பெனி 2007 ஆகஸ்டில் சிவப்புப் பக்கம் தாவியும் அதை ஈடுகட்ட முடியவில்லை. ஆனால் என் கண்ணுக்குப் பெரிதாகப் பட்ட சேதி வேறு: 2007 ஜூனில் பிளாக்பஸ்டர் என்கிற அமெரிக்க வாடகைக் கடைக்காரர்கள், ஹெச்டி படம் வைக்கும் எங்கள் கடைகளில் பெரும்பாலானவற்றில் இனி ப்ளூ-ரே மட்டும்தான் வைப்போம் என்று சொன்னார்கள். அதைப் பிறகு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அலமாரியில் ஒரே படத்தை இரண்டு விதமாக அடுக்கி, எதை எவன் கேட்பான் என்று காத்திருக்கும் வயிற்றுவலி தொழில்காரனுக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர் கவுண்டரில் வந்து, "ஆழம் 0.1-ஆ 0.6-ஆ" என்று கேட்கமாட்டார். "புதுசா என்னா படம்ணா வந்திருக்கு?" என்பார். அதற்குப் பதில் இருக்கிற பக்கம் போய்விடுவார். அந்த பிளாக்பஸ்டரும் 2010-ல் திவாலானது தனிக்கதை.

நம் ஊரில் இரண்டுமே எடுபடவில்லை. இவர்கள் அங்கே அடித்துக்கொண்ட 2006-ல்தான் இங்கே 14 அங்குல இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதன் முதுகில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று ஓட்டைதான். ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு சீனா டிவிடி பிளேயர், மோசர் பேயரின் 34 ரூபாய் டிவிடி, வீட்டோடு ஒரு தியேட்டர். என் கடைக்கு அதைவிட நல்ல காலம் வந்ததில்லை. அப்போது ஒரு ப்ளூ-ரே டிஸ்க் பெங்களூரில் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது, சீசனில் அந்தப் பணத்துக்கு ஒரு பெட்டி செந்தூரா மாம்பழம் வரும். போதாததற்கு, தமிழ்ப் படம் ப்ளூ-ரேயில் அத்தி பூத்தாற்போல வந்தது. ஹெச்டி டிவிடியில் ஒன்றுகூட என் கையில் பட்டதில்லை.

இப்போது ஓசூர்த் தம்பிக்கு. தம்பி, அந்தப் பெட்டி சாதா டிவிடியை ஹெச்டி டிவியில் காட்டும் அழகு இருக்கிறதே, அதற்காகவே 700 ரூபாய் கொடுக்கலாம். சாதா டிவிடிக்கு அந்தப் பெட்டியிலும் மண்டலப் பூட்டு உண்டு, ஆகவே எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வந்த பழைய தமிழ் டிவிடி இருந்தால் போட்டுப் பார், தெரியும். ஆனால் நீல லேசர் போய்விட்டால் மாற்றுப் பொருள் கிடைக்காது. டிவிடி லென்ஸ் மாதிரி அது ரோட்டுக்கடைச் சாமான் இல்லை. டிஸ்குகளை நம்பவே நம்பாதே. என்னிடம் இருக்கும் பதினொன்றில் நான்கு செத்துவிட்டன. மேலே கீறல் கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும், குறிப்பிட்ட இடம் வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். உள்ளே அடுக்கே கெட்டுப்போகிறது. அமெரிக்காவிலும் நிறையப் பேர் இதைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு டிஸ்கையும் போட்டு, கடைசி அரை மணி நேரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு.

நிஜமாகவே டிஸ்கில் படம் பார்க்கும் ஆசை என்றால் 4கே ப்ளூ-ரே பிளேயராகப் பழசு தேடு. 2016-ல் வந்த ஃபார்மட், 100 ஜிபி வரை பிடிக்கும், 4கே டிஸ்கில் மண்டலப் பூட்டும் இல்லை. அந்த ஒரு புத்தியாவது பிறகு வந்ததே. சாம்சங்கும் எல்ஜியும் பிளேயர் செய்வதை விட்டுவிட்டார்கள், ஆகவே நாள் கடத்தாதே.

இதை எழுதி முடிப்பதற்குள் அவனே கடைக்கு வந்துவிட்டான். 1,100-க்குப் பேசி வாங்கிவிட்டானாம், பையில் பெட்டி. பிளக்கைப் பார்த்தேன், இரண்டு தட்டைக் கால். "ஊட்ல சொருவிட்டியா?" என்றேன். "இன்னும் இல்லணா." என் டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்து, பழைய வாடகை நோட்டை எடுத்து, தேதி போட்டு அவன் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவன் அப்பா பெயரில் இரண்டு டிவிடி இன்னும் பாக்கி என்று அதே நோட்டில் இருந்தது.