ஃபொக் லைட் மாத்தப் போற ஆக்கள் கவனம், எனக்கு 28,500 போச்சு

திருகோணமலையில வான் ஓட்டுற, ஹயர் போற, இரவில கொழும்புக்குப் போய் வாற எல்லாரும் இத ஒருக்கா வாசிங்க. கோவத்தில தான் எழுதுறன், எழுத்துப் பிழை கிடந்தா பொறுத்துக் கொள்ளுங்க. 28,500 ரூபா. கட்டுநாயக்க எயார்போட் ஹயர் ஒண்டுல டீசல் போக கையில மிஞ்சிறத விடக் கூட.

என்ட வானுக்கு கம்பனியோட வந்த ஃபொக் லைட்ல, அதான் பனிக்குள்ள ரோட்டுத் தெரிய முன்னுக்குப் பூட்டுற லைட்ல, ஒண்டு கல்லடிச்சு உடைஞ்சு போச்சு. எங்கட ரோட்டு எப்பிடி எண்டு ஓடுறவனுக்குத் தெரியும், மாரி முடியிற நேரத்தில கந்தளாய்க் குளத்துப் பக்கத்தில பனி இறங்கினா அக்போபுர, கல்லோயா சந்தி தாண்டி ஹபரணை மட்டும் விடியக்காலமையில முன்னுக்குப் போற சைக்கிளும் தெரியாது, அதோட யானை வேற. ஃபொக் லைட் சோடினைக்குப் போடுறது இல்ல எங்களுக்கு.

அப்ப டவுனுக்குள்ள இருக்கிற ஒரு வாகன எக்சசரீஸ் கடைக்குப் போனன். பேர் போடல்ல. சீட் கவர், செட், எல்ஈடி எல்லாம் விக்கிற பெரிய கடை, ஏசி போட்ட கடை. நான் கேட்டது ஒரே ஒரு பழைய மொடல் லைட். அங்க நிண்ட பொடியன் "அண்ண அது இப்ப வாறதே இல்ல, ஜோடியா மாத்துங்க"ண்டு சொல்லி உள்ளுக்குக் கூட்டிப் போய் கதிரை போட்டு இருத்தி டீயும் குடுத்தான். ஒரு பெட்டிய எடுத்து வெச்சான், மேல ஜப்பான் கொடி, 200 வாட்ஸ், 20,000 லூமன் (வெளிச்சத்திட அளவு), மூண்டு கலர் மாறும் எண்டு போட்டிருக்கு. கடைக்குள்ளயே ஒரு பட்டரியில குடுத்துப் பத்த வெச்சு சுவத்துக்கு அடிச்சுக் காட்டினான், கண்ணு கூசிப் போச்சு. அதுக்குப் பிறகு அவன் சொன்னது தான் என்னைய விழுத்தினது: "அண்ண, என்ட அப்பாவும் வான் தான் ஓடுறார், அவர்ட வண்டிக்கும் இதத்தான் போட்டிருக்கன், மஞ்சளப் போட்டா பனிய வெட்டிக்கொண்டு போகும்." தகப்பன்ட வண்டிக்குப் போட்டிருக்கன் எண்டு ஒருத்தன் கண்ணப் பாத்துச் சொன்னா மற்றவன் என்ன செய்வான்? குடுத்தன். லைட் ஜோடி 24,000, பூட்டுக் கூலி 3,000, ரிலே கிட் (லைட்டுக்கு பட்டரியில இருந்து நேர கரண்ட் குடுக்கிற சுவிட்ச்) 1,500. மொத்தம் 28,500, ஒரு சதம் குறைக்கல்ல, பில்லையும் ரெண்டு தரம் கேட்டுத் தான் வாங்கினன்.

டவுனுக்குள்ள ஓடக்குள்ள நல்லாத் தான் இருந்திச்சு. அடுத்த ஹயர், கட்டாருக்குப் போற ஒரு பொடியனையும் அவன்ட வீட்டு ஆக்களையும் ஏத்திக்கொண்டு கட்டுநாயக்கக்கு இரவு வெளிக்கிட்டம். கந்தளாய் தாண்டி பனி பிடிச்சிச்சு. சுவிட்சப் போட்டன் பாருங்க, முன் கண்ணாடிக்கு முன்னால வெள்ளைச் சீலையக் கட்டி விட்ட மாதிரி ஆகிட்டு. ரோட்டு இல்ல, வெள்ளக் கோடு இல்ல, ஒண்டுமே இல்ல. முன்னுக்கு இருந்த பெரியவர் "தம்பி மெல்ல, தம்பி மெல்ல" எண்டு டாஷ்போர்டப் பிடிச்சிக்கொண்டு வாறார். மஞ்சளுக்கு மாத்துவம் எண்டு சுவிட்ச ஓஃப் பண்ணிப் போட்டா ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் நீல வெள்ளை. எதிருக்கு வந்த பஸ்காரன் ஹை பீம் அடிச்சு அடிச்சு ஹோர்ன் வேற, அவன்ட கண்ணுல அடிச்சிருக்கு என்ட லைட். கடைசியில ஓஃப் பண்ணிப் போட்டு டிம்ல தான் ஊர்ந்து போனம், லைட் போடாட்டி ரோட்டு நல்லாத் தெரியுது எண்டா பாருங்களன் என்ன சாமான் எண்டு.

வந்து கன்னியா ரோட்டில இருக்கிற எங்கட எலெக்ட்ரிசியன் பாஸிட்ட காட்டினன். வண்டிய சுவத்துக்கு ஒரு 25 அடி தள்ளி விட்டு பத்த வெச்சார். ஃபொக் லைட் எண்டா வெளிச்சம் அகலமா, தட்டையா, நிலத்தோட போகோணும், மேல்பக்கம் கோடு கிழிச்ச கணக்கா வெட்டி நிக்கோணும், லைட்ட விட உயரத்துக்கு ஏறவே கூடாது. என்டது மேல் மாடி ஜன்னலுக்கு அடிக்குது. பனி எண்டுறது தண்ணித் துளி தானே, மேல போற வெளிச்சம் அதுல பட்டு நம்மட கண்ணுக்கே திரும்பி வரும், அதால தான் பனிக்குள்ள ஹை பீம் போடக் கூடாது எண்டுறதும். மஞ்சள் வெட்டும் எண்ட கதையையும் கேட்டன், பாஸ் சிரிச்சார். பனித் துளி பெருசு, எந்தக் கலரா இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவாத் தான் சிதறுமாம், மஞ்சள் கண்ணுக்குக் கொஞ்சம் இதமா இருக்கலாம், அவ்வளவு தான். வெளிச்சம் எங்க போகுது எண்டுறது தான் முக்கியம்.

பிறகு மீற்றரப் போட்டார். 200 வாட்ஸ் எண்டா 12 வோல்ட்ல 16 அம்பியருக்கு மேல இழுக்கோணும். இது ஒண்டரை அம்பியர்! 18, 20 வாட்ஸ். கம்பனி ஃபொக் லைட்டுகள்ல வாற எச்11 ஹலஜன் பல்ப் 55 வாட்ஸ், 1350 லூமன் மட்டில தான், அதுலயே உலகம் முழுக்கப் பனிக்குள்ள ஓடுறாங்க, இவனுக்கு 20,000 லூமனாம். அதோட "ரிலே எங்க தம்பி?" எண்டு கேட்டார் பாஸ். ரிலேயே இல்ல! 1,500 ரூபா எடுத்துப்போட்டு பார்க் லைட் வயர வெட்டி முறுக்கி டேப் சுத்தி விட்டிருக்கிறான். நல்ல கனெக்டர் ஒண்டையும் வெட்டி எறிஞ்சிட்டான்.

சரி, கடைக்குப் போனன். அதே பொடியன், டீயும் இல்ல கதிரையும் இல்ல. "அண்ண புது எல்ஈடி, கொஞ்ச நாள் ஓடினா செட் ஆகும்." எல்ஈடி என்ன சப்பாத்தா செட் ஆகிறதுக்கு? நான் சத்தம் போட்டவுடன "அலைன் பண்ணித் தாறம்" எண்டு கீழ சரிச்சு விட்டான், இப்ப பஃபருக்கு முன்னால நிலத்துக்கு மட்டும் அடிக்குது. பிறகு ஒரு மழை, கண்ணாடிக்குள்ள தண்ணி. திரும்பப் போனா "முதலாளி கொழும்புல". கோல் எடுத்தா "வாரண்டி சிப்புக்குத் தான் அண்ண, தண்ணிக்கு இல்ல". பில்லையும் பெட்டியையும் கொண்டு போய் வெச்சா "வெளி ஆக்கள் கை வெச்சா வாரண்டி இல்ல"யாம், பாஸ் மீற்றர் வெச்சதுக்கு! முதலாளிக்கு வொய்ஸ் கட் போட்டன், நீலச் சரி விழுந்திச்சு, பதில் இல்ல. ரிலேக்கு எடுத்த 1,500ஐயாவது தாங்க எண்டு கேட்டன், அதுக்கும் "பாப்பம்". எனக்கு 28,500 போய் நிக்குது, அவன் அதே பெட்டிய வெச்சுப் படம் எடுத்து "புது ஸ்டொக் வந்திருக்கு"ண்டு விளம்பரம் போடுறான். அந்தப் பொடியன்ட தகப்பன்ட வண்டியையும் ஒரு நாள் கண்டன், அதுல ஃபொக் லைட்டே இல்ல.

எப்பிடித் தெரிவு செய்யிற எண்டு விரிவா எழுதத் தான் நினைச்சன், இப்ப ஹயருக்கு வெளிக்கிடோணும், கெதியில சொல்றன்.

கடைக்குள்ள சுவத்துக்குக் கிட்ட அடிச்சுக் காட்டுறத நம்பாதீங்க, வண்டியில பூட்டி தூரத்துச் சுவத்தில மேல்கோடு தெரியுதா பாருங்க. பெட்டியில இருக்கிற கொடிய விடுங்க, லைட் கண்ணாடியில வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் E எழுத்தும் நம்பரும் இருக்கா எண்டு பாருங்க, எந்த நாடு பாஸ் பண்ணினது எண்டுறது தான் அந்த நம்பர், ஜப்பான்ட 43, ஜெர்மனிட 1. அதோட B எண்டோ F3 எண்டோ இருந்தாத் தான் முன் ஃபொக் லைட்டா பாஸான சாமான். என்டதுல ஒரு மண்ணும் இல்ல. ஹலஜன் கூட்டுக்குள்ள எல்ஈடி பல்ப்ப மட்டும் மாத்தித் தாறம் எண்டாலும் வேணாம், அதுவும் கண்டபடி தான் அடிக்கும். ரிலேக்குக் காசு எடுத்தா ரிலேயக் கண்ணால பாத்துப் போட்டு காசக் குடுங்க. பனிக்குள்ள டிம்மோட மட்டும் போடுங்க, வெளிச்சதும் ஓஃப் பண்ணுங்க, எதிருக்கு வாறவனும் மனுசன் தான்.

பாஸ் சொல்றார் பஞ்சிகாவத்தையில கழட்டின ஒரிஜினல் ஜோடி எடுக்கலாமாம், அடுத்த கொழும்பு ஹயரோட போய்ப் பாக்கப் போறன். பில் கையில கிடக்கு, நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 அடிச்சு முறைப்பாடும் குடுத்திட்டன். அது முடியுமட்டும் கடைப் பேர ஒருத்தரும் கேக்க வேணாம். 28,500ல ஒரு ரூபா திரும்பி வந்தாலும் இதுக்குக் கீழயே போடுறன்.