'ரெண்டர் சர்வர்' போட்டுத் தருகிறோம் என்பவரிடம் மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் கல்யாண வீடியோ, வாட்ஸ்அப் அழைப்பிதழ், கோயில் கொடை அறிவிப்பு, ஊர்த் திருவிழா வீடியோ செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்காக இதை எழுதுகிறோம். 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஸ்கிரிப்டை விண்டோஸ் சர்வீஸாகப் போட்டுத் தருகிறோம், எக்செல்லில் மாப்பிள்ளை பெண் பேரைப் போட்டு வையுங்கள், விடிவதற்குள் வீடியோ தயாராக நிற்கும்' என்று சொல்லி ஆர்டர் பிடிக்கிறார்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்பது அடோபியின் வீடியோ மென்பொருள். ஸ்கிரிப்ட் அதைத் தானாக இயக்கும் கட்டளைத் தொகுப்பு. சர்வீஸ் என்பது யாரும் லாக்-இன் செய்யாமலே பின்னணியில் ஓடும் விண்டோஸ் புரோகிராம். ரெண்டர் என்பது வேலையை முடித்து வீடியோ ஃபைலாக ஆக்குவது. எங்கள் ஸ்டுடியோவுக்கு அப்படிப் போட்டுக்கொடுத்த அமைப்பு முதல் கரண்ட் கட்டோடு படுத்துவிட்டது. முழுத் தொகையும் கைமாறிய பிறகு கிடைத்த பதில், 'உங்கள் யுபிஎஸ் சரியில்லை' என்பதுதான். யுபிஎஸ்ஸில் எந்தக் கோளாறும் இல்லை. அமைப்பே தப்பு. பெயர் போடவில்லை, ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

டெமோ காட்டும் விதத்திலேயே ஏமாற்று தொடங்குகிறது. லாக்-இன் செய்த டெஸ்க்டாப்பில் கருப்பு கமாண்ட் விண்டோ ஒன்றை மினிமைஸ் செய்து வைத்துவிட்டு, பக்கத்தில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'ரன்னிங்' என்று இருப்பதைக் காட்டுவார்கள். வீடியோவும் வரும். ரெண்டர் செய்தது அந்தக் கருப்பு விண்டோதான். சர்வீஸ் பெயருக்கு ஓடிக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கம் போய், தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து, 'செஷன் ஐடி' (எந்த லாக்-இன்னுக்குள் ஓடுகிறது என்று காட்டும் எண்), 'யூசர் நேம்' இரண்டு பத்திகளையும் சேருங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வரிக்கு நேரே செஷன் 1 அல்லது 2 என்றும் உங்கள் பெயரும் இருந்தால் அது சர்வீஸ் அல்ல, உங்கள் டெஸ்க்டாப்பில் ஓடும் சாதாரண புரோகிராம். உண்மையான சர்வீஸ் எப்போதும் செஷன் 0-வில்தான் இருக்கும்.

அந்த செஷன் 0-வில்தான் எல்லாத் தகராறும். விண்டோஸ் விஸ்டா முதல் சர்வீஸ்கள் யூசர் டெஸ்க்டாப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு எச்சரிக்கைப் பெட்டி திறந்தால் அதைப் பார்க்கவும் ஆளில்லை, ஓகே அழுத்தவும் ஆளில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸோ எதற்கெடுத்தாலும் பெட்டி காட்டும்: ஃபான்ட் இல்லை, ஃபுட்டேஜ் (போட்டோ, வீடியோ ஃபைல்) இல்லை, புராஜெக்ட் பழைய வெர்ஷனில் சேமித்தது, ஸ்கிரிப்ட்டில் இத்தனாவது வரியில் பிழை. ஸ்கிரிப்டுக்குள் எழுதியவரே 'அலெர்ட்' போட்டிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். சர்வீஸ் 'ரன்னிங்' என்றே இருக்கும், சிபியு 0 சதவீதத்தில் கிடக்கும், காலையில் ஃபோல்டர் காலியாக இருக்கும். முகூர்த்த சீசனில் இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அக்கவுண்ட். சர்வீஸின் ப்ராப்பர்ட்டீஸில் 'லாக் ஆன்' டேபைப் பாருங்கள். 'லோக்கல் சிஸ்டம்' (விண்டோஸின் சொந்த அக்கவுண்ட்) என்று விட்டிருந்தால், நீங்கள் உங்கள் லாக்-இன்னில் செய்த செட்டிங் ஒன்றும் அதற்குத் தெரியாது. 'ஸ்கிரிப்ட்கள் ஃபைல் எழுதவும் நெட்வொர்க்கைத் தொடவும் அனுமதி' என்ற டிக் ப்ரிஃபரன்சஸில் ஸ்கிரிப்டிங் பகுதியில் இருக்கிறது. அது யூசருக்கு யூசர் தனி. புது அக்கவுண்டில் டிக் இல்லாமல்தான் இருக்கும். வேறு மெஷினின் ஃபோல்டரை நீங்கள் மேப் செய்து வைத்த 'இசட்' டிரைவ் சர்வீஸுக்குக் கிடையாது. கம்ப்யூட்டர் பெயரில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதை கொடுத்தாலும், டொமைன் (எல்லா மெஷினுக்கும் பொதுவான லாக்-இன் நிர்வாகம்) இல்லாத ஸ்டுடியோ நெட்வொர்க்கில் லோக்கல் சிஸ்டத்தை அடுத்த மெஷின் உள்ளே விடாது. மைக்ரோசாஃப்ட் சிசின்டர்னல்ஸின் 'பிஎஸ்எக்ஸெக்' கருவியில் எஸ் சுவிட்ச் கொடுத்து ஒரு கமாண்ட் விண்டோ திறந்து, அங்கே 'இசட்' டிரைவைக் கேட்டுப் பாருங்கள். பாதையே இல்லை என்று சொல்லும். ஆதாரத்துக்கு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நம் ஊருக்கே உரிய அடி ஃபான்ட்டில் விழுகிறது. விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு முதல், ஃபான்ட் ஃபைலைத் திறந்து வெறுமனே 'இன்ஸ்டால்' அழுத்தினால் அது அந்த ஒரு யூசருக்கு மட்டும் போய் உட்காரும். சர்வீஸ் வேறு அக்கவுண்டில் ஓடினால் அதன் கண்ணுக்கு அந்த ஃபான்ட் தெரியாது. எச்சரிக்கைப் பெட்டியில் நிற்காவிட்டால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வேறொரு ஃபான்ட்டைப் போட்டு ஓட்டிவிடும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் டெம்ப்ளேட் செய்திருந்தால், 'திருமணம்' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து நிற்கும், ஏனென்றால் பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். ரைட் கிளிக் செய்து 'எல்லா யூசர்களுக்கும் இன்ஸ்டால்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுத்து கெடுவதற்கு இன்னும் இரண்டு வழி உண்டு. எக்செல்லில் சாதாரண 'சிஎஸ்வி' ஆகச் சேமித்தால் யூனிகோட் தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இருப்பதில்தான் சேமிக்க வேண்டும். அதைப் படிக்கும் ஸ்கிரிப்ட்டும் ஃபைலைத் திறக்கும் முன்பே என்கோடிங் (எழுத்தை ஃபைலில் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் மெஷினுக்கு மெஷின் விளைவு மாறும்.

இனி, பிழையை வேண்டுமென்றே மறைத்த இடம். இது எங்களுக்கு மிகவும் கோபம் தந்தது. ரெண்டர் கமாண்டில் 'கன்டினியூ ஆன் மிஸ்ஸிங் ஃபுட்டேஜ்' என்ற சுவிட்ச்சைப் போட்டு வைத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் போட்டோ கிடைக்காதபோது ரெண்டர் நின்று, லாக்கில் (நடந்ததைப் பதியும் ஃபைலில்) காரணம் எழுதும். அது இருந்தால் மணமக்கள் போட்டோ வர வேண்டிய சட்டத்தில் பல வண்ணப் பட்டைகளோடு வீடியோ முழுதாக முடிந்து, 'வெற்றி' என்று லாக் சொல்லும். அந்த வீடியோ வாடிக்கையாளர் வாட்ஸ்அப்புக்கே போய்விட்டால் கெட்ட பெயர் ஸ்டுடியோவுக்குத்தான். தானாக ஓடும் அமைப்பில் இந்த சுவிட்ச் இருக்கவே கூடாது. ரெண்டர் கமாண்ட் எழுதியிருக்கும் பேட்ச் ஃபைலை நோட்பேடில் திறந்து தேடுங்கள். இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

சர்வீஸைத் தொடங்கும்போது 'எரர் 1053' என்று வந்தால் பேட்ச் ஃபைலையோ சாதாரண புரோகிராமையோ நேரடியாக சர்வீஸாகப் பதிந்திருக்கிறார்கள். விண்டோஸ் 30 விநாடி காத்திருந்து, பதில் வராததால் கைவிடுகிறது. 'என்எஸ்எஸ்எம்' மாதிரி ஒரு ரேப்பர் (விண்டோஸுக்கு சர்வீஸாகப் பதில் சொல்லும் உறைப் புரோகிராம்) வைத்துத்தான் பதிய வேண்டும். அதன் அவுட்புட், எரர் இரண்டையும் ஒரு ஃபைலுக்குத் திருப்ப வேண்டும். 'எரர் 1069' என்றால் அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்ட் மாறியிருக்கலாம்.

சரியாகச் செய்பவர் இந்த வேலையை இரண்டாகப் பிரிப்பார். பெயர் மாற்ற ஸ்கிரிப்டே வேண்டாம்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சிசி 2018 முதல் 'ஜேசன்' ஃபைலை (விவரங்களை வரிசைப்படுத்தி வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) ஃபுட்டேஜாக இம்போர்ட் செய்து, டெக்ஸ்ட் லேயரின் எக்ஸ்பிரஷன் (லேயரில் எழுதும் சிறு சூத்திரம்) அதிலிருந்து பெயர், தேதி, மண்டபம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியும். ஆர்டருக்கு ஒரு ஜேசன் எழுதிவிட்டு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு வரும் கமாண்ட் வரி ரெண்டரரை மட்டும் கூப்பிட்டால் போதும். ஸ்கிரிப்ட் கட்டாயம் வேண்டுமென்றால், தனியாக ஒரு லோக்கல் யூசர், அதற்கு ஆட்டோ லாக்-இன், டாஸ்க் ஷெட்யூலரில் 'யூசர் லாக்-ஆன் செய்திருக்கும்போது மட்டும் ஓடு' என்ற தேர்வு. அப்போது செஷன் 0 தொல்லையே இல்லை. பெட்டி திறந்தாலும் திரையில் தெரியும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் டயலாக் அடக்கும் கட்டளை, முழுவதையும் சுற்றி பிழையைப் பிடிக்கும் 'ட்ரை கேட்ச்', பிழையின் வரி எண்ணை லாக் ஃபைலில் எழுதும் ஒரு வரி. இவை இல்லாத ஸ்கிரிப்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்திலும் கவனம். 'ரெண்டர் மெஷினுக்குத் தனி லைசென்ஸ்' என்று பில்லில் ஏற்றுகிறார்கள். ரெண்டர் மட்டும் செய்யும் மெஷினில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸை ரெண்டர் எஞ்சினாக ஓட்ட அடோபியே வழி வைத்திருக்கிறது. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயரில் ஒரு காலி டெக்ஸ்ட் ஃபைல் வைத்தால் போதும், தனி லைசென்ஸ் தேவையில்லை. அதைவிட மோசம், லைசென்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு கிராக் காப்பி போடுவது. விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி, அங்கே 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலைத் திறங்கள். அடோபி முகவரிகள் 127.0.0.1 (உங்கள் மெஷினையே குறிக்கும் முகவரி) என்று திருப்பப்பட்டிருந்தால் கிராக் என்று வையுங்கள். விண்டோஸ் டிஃபெண்டரின் எக்ஸ்குளூஷன் (வைரஸ் சோதனையிலிருந்து விலக்கிய) பட்டியலில் நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் இருக்கிறதா, ரிமோட் புரோகிராம் ஏதாவது நிரந்தர பாஸ்வேர்டோடு விட்டுப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். வாடிக்கையாளர் குடும்பப் படமெல்லாம் அந்த மெஷினில்தான் கிடக்கிறது.

மீதித் தொகைக்கு முன் ஒரே ஒரு சோதனை வையுங்கள். போட்டுக்கொடுத்தவர் எதிரிலேயே மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கீபோர்டைத் தொடாதீர்கள், யாரும் கையால் லாக்-இன் செய்யக் கூடாது. வேறு மெஷினிலிருந்து மூன்று ஆர்டர் அனுப்புங்கள்: ஒன்று சரியானது, ஒன்றில் போட்டோ இல்லாமல், ஒன்றில் 'ஸ்ரீ', 'கௌ', 'க்ஷ' வரும் பெயர்களோடு. முதலாவதும் மூன்றாவதும் சரியான வீடியோவாக வர வேண்டும். இரண்டாவது வீடியோவே வராமல் லாக்கில் காரணத்தோடு நிற்க வேண்டும். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருவது எல்லோருக்கும் தெரியும். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால், பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 15 இடம், தமிழ்நாடென்றால் 33-ல் தொடங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கியது என்று எதிர்த் தரப்பு மறுக்கும். 2019 சட்டப்படி, சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர்தான், அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, செஷன் ஐடி தெரியும் ஸ்கிரீன்ஷாட், அந்த பேட்ச் ஃபைல் நான்கையும் மெஷினை ஃபார்மேட் செய்யும் முன் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.